ஸ்டெல்லேரியம்: தொலைநோக்கி வாங்குவதற்கு முன் நிறுவ வேண்டிய மென்பொருள்

வானியலில் ஆர்வம் பிறந்தவுடன் தொலைநோக்கி வாங்க வேண்டும் என்ற எண்ணம் பலருக்கும் தானாகவே வந்துவிடுகிறது. எதைப் பார்க்கப் போகிறோம், அது எந்தத் திசையில் எத்தனை மணிக்கு எழும் என்று தெரியாமல் வாங்கப்படும் தொலைநோக்கி, நிலாவை நாலைந்து முறை காட்டிவிட்டுப் பரண் ஏறுவதுதான் வழக்கம். அந்தச் செலவில் இறங்குவதற்கு முன், பைசா செலவில்லாமல் கணினியில் நிறுவிக்கொள்ளக்கூடிய ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளோடு சில மாதங்கள் பழகிப் பார்க்கலாம் என்பது என் பரிந்துரை. நம் ஊருக்கு மேலே இப்போது இருக்கும் வானத்தை அது திரையில் விரித்துக் காட்டுகிறது. அதைவிட முக்கியமாக, நாம் விரும்பும் நாளின், விரும்பும் மணியின் வானத்தையும் காட்டுகிறது. அதன் உண்மையான பயன் இந்த இரண்டாவது வசதியில்தான் இருக்கிறது.

பிரெஞ்சு நிரலாளரான ஃபாபியன் ஷெரோ 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தத் திட்டம், பல நாட்டுத் தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்த கட்டற்ற மென்பொருள் ஆகும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. 1.0 என்ற எண்ணைத் தாங்கிய பதிப்பு 2022 அக்டோபரில்தான் வெளிவந்தது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகமே பயன்படுத்திக்கொண்டிருந்த ஒரு மென்பொருளைப் பூச்சியத்தில் தொடங்கும் பதிப்பு எண்ணிலேயே வைத்திருந்த அவர்களுடைய அடக்கம் வியப்புக்குரியது. நிறுவியவுடனே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் கிடைக்கின்றன. கூடுதல் தொகுதிகளைப் பதிவிறக்கினால் எண்ணிக்கை 17 கோடியைத் தாண்டும். முழு வானத்திலும் வெறுங்கண்ணுக்குத் தெரியக்கூடியவை ஏறத்தாழ 9,000 மட்டுமே என்பதால், தொடக்கநிலையில் இருப்பவர் கூடுதல் தொகுதிகளைத் தொடவே வேண்டியதில்லை.

நிறுவியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, எஃப் 6 விசையை அழுத்தி ஊரைச் சரிசெய்வது. மென்பொருள் இணையத் தொடர்பைக் கொண்டு நம் இடத்தை ஊகிக்க முயல்கிறது. அந்த ஊகம் சில வேளைகளில் இணையச் சேவை தருபவரின் ஊரைக் காட்டிவிடும், சில கணினிகளில் பாரிஸ் நகரத்து வானமே விரிந்து நிற்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் மற்ற எல்லாமே பிழையாகிவிடும். துருவ விண்மீன் பாரிசில் அடிவானத்திலிருந்து 49 பாகை உயரத்தில் நிற்கிறது. சென்னையில் அது 13 பாகை, கன்னியாகுமரியில் வெறும் 8 பாகை. நம் ஊரில் துருவ விண்மீனைத் தேடி அண்ணாந்து பார்ப்பவர் ஏமாந்துபோவார். அது எதிர்வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும். அதற்கு ஈடாகத் தென்வானம் நமக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. அகத்திய விண்மீன் என்று நாம் சொல்லும் கனோபஸ் சென்னையில் 24 பாகை வரை ஏறுகிறது. பாரிசில் ஒருபோதும் உதிக்காத ஒமேகா செண்டாரி என்ற மாபெரும் விண்மீன் கொத்து இங்கே 29 பாகை உயரத்தைத் தொடுகிறது. தென்சிலுவையும் முழுமையாக எழுந்து நிற்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க வாசகர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டி நூல்கள் இவற்றையெல்லாம் தென்கோளத்துக்கு உரியவை என்று ஒதுக்கிவிடுவதால், நம் வாசல் வானத்தில் என்னென்ன இருக்கின்றன என்பதை அறிய ஊரைச் சரியாகப் பொருத்திய இந்த மென்பொருளே நல்ல துணை.

இரண்டாவதாகச் சரிசெய்ய வேண்டியதைப் பெரும்பாலானோர் தொடுவதே இல்லை. எஃப் 4 அழுத்தினால் திறக்கும் சாளரத்தில் வானம் என்ற பகுதியில் ஒளி மாசின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். அமெரிக்க வானியல் ஆர்வலர் ஜான் போர்ட்டில் 2001இல் வெளியிட்ட அளவுகோலின்படி, 1 என்பது மாசே இல்லாத கும்மிருட்டு, 9 என்பது பெருநகரத்தின் நடுப்பகுதி. அளவு குறைவாக இருக்கும்போது திரையில் பால்வீதி பளிச்சென்று ஓடும், விண்மீன்கள் கொட்டிக் கிடக்கும். அதைப் பார்த்துவிட்டுத் தியாகராய நகர் மொட்டை மாடிக்குப் போகிறவருக்கு, வானத்தில் பத்துப் பதினைந்து புள்ளிகளைத் தவிர வேறொன்றும் தெரியாதபோது மென்பொருள் பொய் சொல்கிறது என்றுதான் தோன்றும். அளவை 8 அல்லது 9க்கு ஏற்றிவிட்டால் திரையும் மாடியும் ஒத்துப்போகின்றன. அதன்பின் ஓரையன் உருவத்தின் இடைவார் விண்மீன்கள் மூன்றையும், அவை கீழ்ப்பக்கம் சுட்டும் சிரியசையும், மேல்பக்கம் சுட்டும் ரோகிணியையும் தானாக அடையாளம் காண முடிகிறது. விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும்போது அளவை 4க்கு இறக்கிவிட்டு, நகரத்தில் காணாத எவையெல்லாம் கூடுதலாகத் தெரியும் என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளவும் செய்யலாம்.

இனி காலத்தைக் கையாளும் வசதிக்கு வருவோம். எல் விசையை அழுத்த அழுத்தக் காலம் வேகமாக முன்னோக்கி ஓடும், ஜே விசை அதைப் பின்னோக்கித் திருப்பும், கே இயல்பான வேகத்துக்குக் கொண்டுவரும், 8 இந்த நொடிக்குத் திரும்ப அழைத்துவரும். ஏ விசையை அழுத்தினால் வளிமண்டலம் விலகிப் பட்டப்பகலிலும் விண்மீன்கள் தெரியும். ஜி விசையை அழுத்தினால் தரை மறைந்து, அடிவானத்துக்குக் கீழே இருப்பவையும் புலப்படும். இந்த ஆறு விசைகளை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊரைச் சென்னை என்றும் நாளை ஏப்ரல் 24 என்றும் நேரத்தைப் பகல் 12 மணி 7 நிமிடம் என்றும் அமைத்துப் பாருங்கள். சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். நட்டுவைத்த கம்பத்துக்கு நிழல் விழாத அந்த நாள் ஆகஸ்ட் 18ஐ ஒட்டி மீண்டும் ஒருமுறை வருகிறது. ஆண்டு முழுவதும் நண்பகலில் சூரியன் உச்சியில்தான் இருக்கிறது என்று நினைத்திருப்பவர்கள், நாளை ஒவ்வொன்றாக நகர்த்தி அது வடக்கும் தெற்குமாக நடப்பதைக் கண்டால், பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த உத்தராயணமும் தட்சிணாயணமும் என்னவென்று ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும்.

தமிழ் வாசகருக்கு இந்த வசதி தரும் பெரிய விருந்து, நம்முடைய திருவிழா நாட்காட்டியை வானத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. ஊரைத் திருவண்ணாமலை என்றும் நாளை 2024 டிசம்பர் 13 என்றும் நேரத்தை இரவு 7 மணி என்றும் வைத்தால், கிழக்கு வானத்தில் நாற்பது பாகை உயரத்தில் நிலா கார்த்திகைக் கூட்டத்தை நெருங்கி நிற்பதைக் காணலாம். அன்றுதான் மலை மேல் மகாதீபம் ஏற்றப்பட்டது. நிலா வட்டமாகத் தெரிந்தாலும் அன்று முழுநிலவு இல்லை. அது நிறைந்தது டிசம்பர் 15இல். முழுநிலவு நாளைவிடக் கார்த்திகை விண்மீனுக்கே அந்த ஆண்டு தீபத்தில் முதலிடம் என்பது, திரையில் நாளை இரண்டு முறை முன்னகர்த்தினாலே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அதே திரையில் கார்த்திகைக்குக் கீழே, ரோகிணியின் பக்கத்தில் வியாழன் பளீரென்று நிற்கும்.

இதே முறையில் தைப்பூசத்தன்று நிலா கடக ராசியின் தேன்கூட்டுக் கொத்தின் அருகிலும், மாசி மகத்தன்று மகம் விண்மீனான ரெகுலசின் அருகிலும், சித்ரா பௌர்ணமியன்று ஸ்பைகாவின் பக்கமும் வருவதைச் சரிபார்க்கலாம். திருவாதிரை மட்டும் ஏமாற்றும். ஆருத்ரா தரிசனத்தன்று திருவாதிரை விண்மீனான பீட்டல்ஜூசை நிலா உரசிக்கொண்டு நிற்கும் என்று எதிர்பார்த்தால், அது பத்திருபது பாகை வடக்கே தள்ளி நிற்கும். நிலா செல்லும் பாதை ஓரையனுக்கு வெகுவாக மேலே ஓடுவதே இதற்குக் காரணம். வானத்தை 27 சம பங்காக வகுத்து ஒவ்வொரு பங்குக்கும் ஒரு விண்மீனின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்பதும், பெயர் கொடுத்த விண்மீன் நிலாவின் பாதையிலேயே இருக்க வேண்டியதில்லை என்பதும் இந்த ஒரு சோதனையில் தெளிவாகிறது.

திருமணத்தில் அருந்ததி பார்க்கும் சடங்கையும் விட்டுவைக்க மனம் வரவில்லை. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டரான மைசாரை நோக்கித் திரையைப் பெரிதாக்கினால், 12 கலைத் தொலைவில் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) அருந்ததியான ஆல்கோர் தனியே பிரிந்து தெரியும். இன்னும் பெரிதாக்கினால் மைசாரே இரண்டாகப் பிரியும். நாளைத் தை மாதத்து முகூர்த்தம் ஒன்றுக்கு, காலை 8 மணிக்கு மாற்றி வளிமண்டலத்தை விலக்கினால், அருந்ததி வடமேற்கே முப்பது பாகைக்கு மேல் இருப்பதைக் காணலாம். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் புரோகிதர் கை காட்டும் வானத்தில் அது இருக்கத்தான் செய்கிறது. ஆனி மாதத்து முகூர்த்தமானால் அந்த நேரத்தில் அது அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும், மணமக்கள் தரையைத்தான் பார்க்க வேண்டும். உறவினர் வீட்டுத் திருமணங்களில் இந்தத் தகவலைச் சொல்லலாமா என்பதை அவரவர் சூழ்நிலைக்கு ஏற்ப முடிவு செய்துகொள்ளுங்கள்.

காலத்தில் மிகவும் பின்னோக்கிச் செல்லும்போது கவனம் தேவை. பல்லாயிரம் ஆண்டுகள் வரை பின்னால் போக மென்பொருள் இடம் தருகிறது. கிமு 2800 அளவில் துபான் என்ற விண்மீன் வடதுருவத்தருகே அசையாமல் நிற்பதையும், புவியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலைசுற்றுவதால் அந்த இடம் இன்றைய துருவ விண்மீனுக்கு மாறியதையும் காண்பது அருமையான அனுபவம். அதே வசதியை வைத்துக்கொண்டு, இதிகாச நிகழ்வு ஒன்றின் நாளையும் மணியையும் கண்டுபிடித்துவிட்டதாகத் திரைப்பிடிப்புப் படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை மட்டும் நம்ப வேண்டாம். 1582 அக்டோபருக்கு முந்தைய நாட்களுக்கு மென்பொருள் ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுகிறது. வானியல் வழக்கப்படி பூச்சியம் என்ற ஆண்டையும் சேர்த்துக் கொள்வதால், திரையில் காணும் கழித்தல் 99 என்பது கிமு 100ஐக் குறிக்கும். இவற்றை அறியாமல் எழுதப்படும் நாட்கள் தொடக்கத்திலேயே தவறிவிடுகின்றன. கோள்களின் இருப்பைக் கணிக்கும் சூத்திரங்கள் சில ஆயிரம் ஆண்டு எல்லைக்குள்தான் துல்லியமானவை. புவியின் சுழற்சி காலப்போக்கில் சீராகக் குறைவதில்லை என்பதால், மிகப் பழைய கிரகணம் ஒன்று எந்த ஊரில் எத்தனை மணிக்குத் தெரிந்தது என்பதை நிமிடக் கணக்கில் சொல்லவும் முடியாது. இது மென்பொருளின் குறை ஆகாது; அதைக் கொண்டு எதை நிறுவலாம், எதை நிறுவ முடியாது என்பதன் வரம்பு மட்டுமே.

குறைகள் என்று சொன்னால், முதலாவது தேடல். எஃப் 3 அழுத்திப் பெயரைத் தட்டச்சு செய்தால் திரை அந்தப் பொருளை நோக்கித் திரும்பும். வழக்கமான அமைப்பில் அங்கே கொடுக்க வேண்டியது மேலைநாட்டுப் பெயர். கார்த்திகைக்குப் பிளீயடிஸ், ரோகிணிக்கு ஆல்டிபரான், கேட்டைக்கு அண்டாரிஸ், திருவோணத்துக்கு ஆல்டேர் என்று ஒரு சிறு பட்டியலைக் கைவசம் வைத்துக்கொள்வது நல்லது. பல பண்பாடுகளின் விண்மீன் உருவங்களுக்கு மாறிக்கொள்ளும் வசதியும் உண்டு. இந்திய வேத மரபும் அவற்றில் ஒன்று. இரண்டாவது குறை, இது பாடம் நடத்துவதில்லை என்பது. ஒரு விண்மீனைச் சொடுக்கினால் இடது மூலையில் எண்களும் கோணங்களும் பத்துப் பதினைந்து வரிகளுக்குக் கொட்டும்; தொடக்கநிலையாளர் அவற்றில் பெயர், பொலிவெண், தொலைவு, எழும் நேரம் ஆகியவற்றை மட்டும் படித்துவிட்டு மற்றவற்றைத் தள்ளிவைக்கலாம். பொலிவெண் குறையக் குறைய விண்மீன் பிரகாசமாகும் என்பதை யாராவது ஒருமுறை சொல்லித்தர வேண்டியிருக்கிறது, மென்பொருள் சொல்லாது. மூன்றாவது, செயற்கைக்கோள்களின் பாதைத் தரவு விரைவில் பழையதாகிவிடும். பன்னாட்டு விண்வெளி நிலையம் எப்போது கடக்கும் என்று பார்ப்பதற்கு முன் இணையத்தில் புதுப்பித்துக்கொள்ளாவிட்டால் நேரம் தவறும்.

திறன்பேசிக்கான ஸ்டெல்லேரியம் தனியாகக் கிடைக்கிறது; அதில் இலவசப் பதிப்பும் கட்டணப் பதிப்பும் உண்டு. பேசியை வானத்தை நோக்கி உயர்த்தினால் அந்தத் திசையில் இருப்பவற்றைக் காட்டுவதுதான் அதன் கவர்ச்சி. கட்டணப் பதிப்பில் கையா விண்கலம் அளந்த 169 கோடி விண்மீன்கள் அடங்கும். வெறுங்கண்ணோடு மாடியில் நிற்பவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. திசைகாட்டி உணரியை முழுவதுமாக நம்பிவிடவும் கூடாது. இரும்புக் கைப்பிடிச் சுவர், நீட்டி நிற்கும் கான்கிரீட் கம்பிகள், பேசியின் காந்த உறை ஆகிய எதுவும் அதைப் பல பாகை திருப்பிவிடும். நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை, நிலாவையோ வெள்ளியையோ, முதலில் திரையோடு பொருத்திப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவதே பாதுகாப்பானது. கண்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகிறது. வெள்ளைத் திரையை ஒரு நொடி பார்த்தாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும் என்பதால், மாடி ஏறும் முன்பே திரையைச் சிவப்பாக்கும் இரவுப் பயன்முறைக்கு மாற்றிவிட வேண்டும். என்னைக் கேட்டால், பகலில் கணினியில் ஒத்திகை பார்த்துவிட்டு, இரவில் பேசியைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டுப் போவது மேல்.

தொலைநோக்கி வாங்கத் தயங்கி நிற்பவருக்குப் பணத்தை மிச்சப்படுத்தித் தரும் பகுதி ஆக்குலர்ஸ் என்ற செருகுநிரல், அதாவது மென்பொருளோடு சேர்த்து இயக்கிக்கொள்ளும் கூடுதல் நிரல். எஃப் 2 சாளரத்தில் அதைத் தேர்ந்து, தொடக்கத்திலேயே ஏற்றும்படி குறியிட்டு, மென்பொருளை மூடித் திறந்தால் அது செயல்படத் தொடங்கும். தொலைநோக்கியின் வில்லை விட்டத்தையும் குவியத் தொலைவையும், கண்ணருகு வில்லையின் அளவையும் கொடுத்துவிட்டால், அந்தக் கருவியில் பொருள் எத்தனை பெரிதாகத் தெரியும் என்பதை வட்டமான பார்வைப் புலத்துக்குள் அப்படியே காட்டும். சந்தையில் தொடக்கநிலையாளருக்கு அதிகம் விற்கப்படும் 70 மிமீ விட்டமும் 700 மிமீ குவியத் தொலைவும் கொண்ட கருவியில், 25 மிமீ வில்லை 28 மடங்கும் 10 மிமீ வில்லை 70 மடங்கும் உருப்பெருக்கும். அந்த 70 மடங்கில் சனியை வைத்துப் பாருங்கள்: பெரிய இருட்டு வட்டத்தின் நடுவே, வளையத்தோடு சேர்ந்த சிறிய பொட்டு. அதுவும் வளையத்தின் தளத்தைப் புவி கடந்த 2025 மார்ச்சுக்கு நாளைத் திருப்பினால், வளையமே மெல்லிய கோடாகச் சுருங்கிவிடும். அட்டைப்பெட்டிகளில் அச்சிடப்படும் 400 மடங்கு, 500 மடங்கு என்ற வாக்குறுதிகளை இந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. வில்லையின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வருவதே பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சம் என்பது பொது விதி. 70 மிமீ கருவிக்கு அது 140. அதற்கு மேலே கிடைப்பது மங்கல் மட்டுமே. வானக் காற்று கலங்கியிருக்கும் இரவுகளில் அந்த 140ஐயும் எட்ட முடியாது.

அதே செருகுநிரலில் இருகண்நோக்கி என்று குறியிட்டு, 10 மடங்கு உருப்பெருக்கமும் 50 மிமீ வில்லையும் ஆறரைப் பாகைப் புலமும் கொடுத்து, கார்த்திகைக் கூட்டத்தையும் தேள் ராசியின் வாலருகே இருக்கும் எம் 6, எம் 7 கொத்துகளையும் சுற்றிப் பார்க்கலாம். கார்த்திகைக் கூட்டம் முழுவதும் ஒரே வட்டத்துக்குள் தாராளமாக அடங்குகிறது. எம் 6, எம் 7 இரண்டும் ஒரே புலத்தில் இடம் பிடிக்கின்றன. மேலே சொன்ன தொலைநோக்கியில் 70 மடங்கில் வைத்தால் கார்த்திகைக் கூட்டத்தின் ஒரு துண்டு மட்டுமே தெரியும். இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு முதல் கருவியாக இருகண்நோக்கியைத் தேர்ந்தெடுப்பவர்களே அதிகமாக இருப்பார்கள். கோள்களின் மேல்தான் ஆசை என்பவர் தொலைநோக்கிக்கே போகட்டும்; சனியின் அந்தச் சிறிய பொட்டைத் திரையில் பார்த்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்கலாம்.